பதினேழாவது பெயர்

வள்ளம் ஏறிய முதல் நாள்
மடியில் சாக்பீஸ் பெட்டி, பையில் மலேரியா மாத்திரை.
பேச்சிப்பாறைத் தண்ணீர் அலையே இல்லாமல் கிடந்தது.
கடியபட்டணத்துக்காரி நான்.
அலையடிக்காத தண்ணீரை எப்படி நம்புவது
என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
"ஓரத்தை இறுக்கிப் பிடிக்காதீங்க டீச்சரே,
வள்ளம் பயந்துபோவும்" என்றார்
துழைந்துகொண்டிருந்த மல்லன்காணி.

ஈட்டிமூட்டுக் குடியிருப்பு.
ஒரே அறை, ஐந்து வகுப்பு, இருபத்தொரு பிள்ளைகள்.
யானை சாய்த்த கழிப்பறைச் சுவர்
கோப்பில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அப்பாவின் தொழில் என்ன, ஒரு வரி எழுதுங்கள் என்றேன்.
பத்துப் பன்னிரண்டு பேர் றப்பர் வெட்டு என்றார்கள்.
ஒருவன் 'தேனும் ஜீப்பும்'.
ரதீபா 'சாற்று' என்று எழுதியிருந்தாள்.
சிவப்பு மையால் அடித்து
'சாறு' என்று திருத்திக் கொடுத்தேன்.
ஒரு மனிதர் ரசத்தைத் தொழிலாகச் செய்வாரென்று
எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ.
அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"வெள்ளியாழ்ச்ச ராத்திரி கொடுதியாக்கும். வந்து கேளுங்க."

போனேன்.
வாழையிலையில் அவலும் கரும்பும் இளநீரும்,
ஓரமாக யாரோ வைத்த டார்ச் லைட்.
கையைக் கூப்புவதா மடியில் வைப்பதா என்று தெரியாமல்
பைக்குள் ஜெபமாலையைப் பிடித்தபடி இருந்தேன்.
யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை.
ஒரு கிழங்கைக் கையில் தந்தார்கள், சூடாக இருந்தது,
காந்தாரி மிளகு கண்ணில் நீர் வரவழைத்தது.
அவ்வளவுதான் வரவேற்பு.

ரதீபாவின் அப்பா கொக்கரையை எடுத்தார்.
பல் வெட்டிய இரும்புக் குழல்மேல் இரும்புக் கம்பி
கர்ர்க், கர்ர்க்
கரைமடியில் கட்டுமரத்தை இழுக்கும்போது
அடிமரம் சரலில் உரசுமே, அந்தச் சத்தம்.
மலைக்கு மேலே, நடுச்சாமத்தில், என் ஊர்ச் சத்தம்.

அவர் மலைகளைக் கூப்பிட ஆரம்பித்தார்.
ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி,
மேற்கிலிருந்து சுற்றி வந்து.
அம்மைமுடி என்றபோது
அவர் தாடை காட்டிய திசையில் இரட்டைக் கொம்பாய் ஒரு கருப்பு.
எனக்கு அதைத் தெரியும்.
முன்பக்கமாக.
கோயில் கோபுரத்தை அந்தக் கொம்பிடுக்கில் நிறுத்தித்தான்
என் அப்பா நடுக்கடலில் கணியம் பார்ப்பார்,
கீழே பாறை, மேலே மீன்.
அவருக்கு அதன் பெயர் ஆட்டுக்கொம்பு.
இரண்டு பெயரையும் சுமந்துகொண்டு
அது ஒன்றும் சொல்லாமல் இருட்டில் நின்றது.

எத்தனையோ பெயருக்குப் பிறகு
ஒரு பெயர். கொக்கரை நின்றது.
சுள்ளி வெடித்தது, கைக்குழந்தை சிணுங்கி அடங்கியது.
மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.
"என்ன?" என்றேன் ரதீபாவின் காதில்.
"அது அணை வெள்ளத்துக்கு அடியில போன எடம் டீச்சர்.
கேக்க நேரமாவும்."

கடலில் போனவர்களுக்கு எங்களூரில் மெழுகுவர்த்தி உண்டு,
பூசை உண்டு, பெயர் வாசிப்பதும் உண்டு.
ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே
சாமியார் மூச்சு மட்டும்தான் விடுவார்.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
பிறகு கம்பி மறுபடி இரும்பில் விழுந்தது.

திங்கட்கிழமை வருகைப் பதிவேடு.
பதினேழாம் எண், ம. விபின்காணி.
ஜூனிலிருந்து இல்லை. எஸ்டேட்டில் பால் எடுக்கப் போனான் என்கிறார்கள்,
புனலூரில் ஹோட்டல் என்றும்.
பெயரை அடித்துவிடுங்கள் என்று கடிதம் வந்தாயிற்று.
இதுவரை அந்தப் பெயரைச் சொல்லும்போதே
என் பேனா கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு முடித்திருக்கும்.

"விபின்காணி."
பேனாவைக் கீழே வைத்தேன்.
யாரும் சிரிக்கவில்லை. சிலேட்டுகூட உரசவில்லை.
எவ்வளவு நேரம் என்பது
என்னைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.
அக்கரையில் ஏதோ லாரி ஏற்றம் ஏறி ஓய்ந்தது.

"போதும் டீச்சர்" என்றாள் ரதீபா,
"இனி அடுத்தது."